வரியும் வரம்பும்

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம்மவர் பழமொழி. ஆற்றிலே போட்ட பொருள் திரும்பி வாராது; ஆயினும் எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு நம் கையில் இருத்தல் வேண்டும். வருமான வரியைப் பொறுத்தவரையில் இம்முதுமொழியை நம்மிற் பலர் கைக்கொள்வதில்லை. மாத முடிவிலே சம்பளச் சீட்டு வருகிறது. அதிலே வரியென்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கிறது. சிலர் பெருமூச்சு விடுகின்றனர். சிலர் அரசாங்கத்தை ஏசுகின்றனர். அத்தொகை எங்ஙனம் வந்தது என்று காகிதமும் பேனையும் எடுத்துக் கணக்குப் பார்ப்பவரோ மிகச் சிலர்.

கணக்கு அறியாமையால் விளையும் நட்டம் பெருமூச்சோடு நின்றுவிடுவதில்லை. வரவேண்டிய உயர்வை வேண்டாமென்று தள்ளுவோர் உளர். கழிக்கவே வேண்டாத வரியை ஆண்டாண்டாக வங்கியிலே விட்டுவருவோரும் உளர். எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டில் வரிச் சட்டம் மாறும்போது அம்மாற்றம் நியாயமானதா அன்றா என்று தீர்மானிக்கும் ஆற்றலை நாம் இழந்துவிடுகிறோம். ஆதலால் இவ்வாரம் வருமான வரியின் கணக்கை வாசகர்களோடு உடனிருந்து போட்டுப் பார்க்க எண்ணினோம். கூட்டலும் பெருக்கலும் அறிந்த மாணவர் எவரும் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு வீட்டின் அச்சம்

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதியை அடுத்து, அரியாலையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தையார் ஓய்வுபெற்ற அரசாங்க ஆசிரியர். மகள் வங்கி உத்தியோகத்தர். ஆண்டொன்றுக்கு 28 இலட்சம் ரூபா சம்பாதிக்கிறாள். மாதம் ஆயிரம் ரூபா கூடுதலாகக் கிடைக்கும் ஒரு பொறுப்பை ஏற்கும்படி மேலதிகாரி கேட்டிருக்கிறார். அன்றிரவு வீட்டிலே பேச்சு நடக்கிறது.

“பிள்ளை, இப்போது உனக்கு ஆறு சதவீத வரி. இந்த ஆயிரத்தையும் வாங்கினால் பதினெட்டுச் சதவீதத்துக்குள் போய்விடுவாய். ஆயிரம் ரூபாவுக்காகப் பத்தாயிரத்தை இழக்கலாமோ?”

“அப்படித்தான் எங்கள் கந்தோரிலும் சொல்லுகிறார்கள், அப்பா.”

இத்தகைய பேச்சு ஒரு வீட்டிற்கு மட்டும் உரியதன்று. வரி வீதம் 6 என்பதிலிருந்து 18 என்று ஏறினால், வரிக்குட்பட்ட வருமானம் முழுவதன்மேலும் 18 சதவீதம் விழும் என்று படித்தவர்களே நம்புகின்றனர். இந்நம்பிக்கை உண்மையானால் தந்தையார் சொல்லுவதும் உண்மையே. ஆனால் அது உண்மையன்று. ஏனென்று பார்ப்போம்.

பாத்தியும் நீரும்

நமது தோட்டங்களிலே தண்ணீர் இறைப்பதைக் காணாதார் இலர். முன்னாளில் துலா இருந்தது. இந்நாளில் இயந்திரம் இருக்கிறது. எதனால் இறைத்தாலும் நீர் வாய்க்கால் வழியே சென்று முதற் பாத்தியில் விழும். அது நிரம்பியதும் தண்ணீர் மாறுபவர் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து, அடுத்த பாத்தியின் வாயைத் திறப்பார். மூன்றாம் பாத்திக்கு நீர் போய்விட்டது என்பதற்காக முதற் பாத்தியிலே நின்ற நீர் ஓடிப்போவதில்லை.

வருமான வரியும் இத்தகையதே. நமது வருமானமே நீர். அது பாத்தி பாத்தியாக நிரம்பிச் செல்கிறது. ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு வரி வீதம் உண்டு. அவ்வீதம் அந்தப் பாத்தியில் நின்ற நீருக்கு மாத்திரமே உரியது. முன்னைய பாத்திகளை அது தீண்டாது.

இலங்கையில் 2025 ஏப்ரல் 1ஆந் திகதி முதல் நடைமுறைக்கு வந்த அளவுகள் இவை. ஆண்டு வருமானத்தின் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரியே இல்லை. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்த 5 இலட்சத்துக்கு 18 சதவீதம். அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 சதவீதம். பின்னரும் ஒரு 5 இலட்சத்துக்கு 30 சதவீதம். எஞ்சியது எவ்வளவாயினும் அதற்கு 36 சதவீதம். கடைசிப் பாத்திக்கு மட்டும் எதிர் வரம்பு கிடையாது.

இனி வங்கி உத்தியோகத்தரின் கணக்கைப் போடுவோம். 28 இலட்சத்தில் 18 இலட்சத்துக்கு வரியில்லை. மிகுதி 10 இலட்சத்துக்கு 6 சதவீதப்படி வரி 60,000 ரூபா. இப்போது ஆண்டுக்கு 12,000 ரூபா கூடுகிறது. இந்தப் 12,000 ரூபா மட்டுமே 18 சதவீதப் பாத்தியில் விழும். அதற்குரிய வரி 2,160 ரூபா. ஆகவே மொத்த வரி 62,160 ரூபா. கூடிய 12,000 ரூபாவில் 9,840 ரூபா அவள் கையிலேயே தங்குகிறது. மாதம் 820 ரூபா.

தந்தையார் அஞ்சிய முறையிலே போட்டிருந்தால் 10,12,000 ரூபா முழுவதற்கும் 18 சதவீதமாக 182,160 ரூபா வரும். உண்மையான வரிக்கும் கற்பனையான வரிக்கும் இடையே 120,000 ரூபா வேற்றுமை! இல்லாத ஒரு பூதத்துக்கு அஞ்சி உத்தியோக உயர்வை விடுவது எத்துணைப் பேதைமை! எவரும் மனத்தில் இருத்தவேண்டிய விதி ஒன்றுண்டு. மேற்பட்ட வீதம் 36 சதவீதமாய் இருக்கும்வரையில், கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு ரூபாவிலும் வருமான வரி போக 64 சதமாவது உழைத்தவரிடமே மிஞ்சும். வருமானம் ஏறியதால் வரி போனபின் கைக்கு வருவது குறைதல் என்பது இம்முறையில் நிகழவே இயலாது.

முப்பத்தாறு எனும் மருட்சி

மற்றொரு மயக்கமும் உண்டு. “என் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பத்தாறு அரசாங்கத்துக்கே போகிறது” என்று சொல்லுவோர் பலர். வேறு வருமானமின்றிச் சம்பளம் மட்டும் பெறுவோரின் கணக்கைப் பாருங்கள்.

மாதம் 150,000 ரூபா வரை வரி இல்லை. 200,000 பெறுபவர் மாதம் 3,000 ரூபா கட்டுகிறார். அது அவர் சம்பளத்தில் ஒன்றரைச் சதவீதம். 250,000 பெறுபவர் கட்டுவது 8,000, அது 3.2 சதவீதம். 400,000 பெறுபவர் 50,000 கட்டுகிறார். அவர் 36 சதவீதப் பாத்தியைத் தொட்டுவிட்டவர்; ஆயினும் முழுச் சம்பளத்தில் அவர் கொடுப்பது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதமே. மாதம் 10 இலட்சம் பெறும் பெருந்தனக்காரரும் 266,000 ரூபா, அதாவது 26.6 சதவீதமே கொடுக்கிறார்.

காரணம் வெளிப்படை. அந்தப் பெருந்தனக்காரருக்கும் முதல் 18 இலட்சம் வரியில்லாமலே கழிகிறது. அடுத்த 10 இலட்சத்துக்கு அவரும் 6 சதவீதமே கொடுக்கிறார். முதற் பாத்திகள் எல்லார்க்கும் பொது. கடைசி ரூபாவின்மேல் விழும் வீதம் வேறு. மொத்த வருமானத்தின்மேல் விழும் சராசரி வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமற் பேசும் பேச்சு, வீட்டிலானாலும் மேடையிலானாலும், பயனற்ற பேச்சே.

ஏன் இந்த ஏற்றம்?

எல்லார்க்கும் ஒரே தொகையை, அல்லது ஒரே வீதத்தை வைத்தால் என்ன என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. நம் நாடு ஒரே தொகையையும் பார்த்திருக்கிறது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின்படி 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும். அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் கட்டவேண்டும். நிலபுலம் உடையவர் அச்சிறு தொகையை மடியிலிருந்து எடுத்து வீசிவிடலாம். நாட்கூலிக்காரருக்கோ ஆறு நாட் கூலி போயிற்று; ஆறு நாள் அடுப்பும் அணைந்தது. சட்டத்தின் முன் இருவரும் சமம், சுமையிலே சமமல்லர். அவ்வாண்டு மாத்தளைப் பகுதியில் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் இதையொத்த வரிகளும் காரணங்களாயின.

ஒரே வீதத்துக்கும் உதாரணம் நம் கண்முன்னே உள்ளது. 2024 சனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாயிற்று. கூலிவேலை செய்பவர் வாங்கும் சவர்க்காரத்துக்கும் மாளிகையில் வாழ்பவர் வாங்கும் சவர்க்காரத்துக்கும் வரி ஒன்றே. ஏழை தன் வருமானம் முழுவதையும் கடையிலே செலவிடுகிறார். செல்வரோ ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கிறார். ஆதலால் வருமானத்தோடு ஒப்பிடுகையில் ஏழையின் தோளிலேதான் அவ்வரி அதிகம் அழுத்துகிறது. வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் என்று எவரும் இகழவேண்டாம். கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் வரி கட்டுகிறார்.

இச்சாய்வை ஓரளவு நிமிர்த்தவே வளர்வீத வரி அமைந்தது. மாதம் 160,000 பெறும் குடும்பத்திடம் 10,000 ரூபாவை எடுத்தால் பிள்ளையின் படிப்புச் செலவில் இடிக்கும். 10 இலட்சம் பெறுபவரிடம் அதே தொகையை எடுத்தால் அவர் வீட்டில் எதுவும் குறையாது. எல்லாரும் ஒரே தொகையைக் கொடுப்பதன்று, ஒத்த வருத்தத்தோடு கொடுப்பதே நீதி என்பது இதன் அடிப்படை.

ஆயினும் ஏற்றத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். இந்தியாவில் 1973–74ஆம் ஆண்டில் உச்ச வீதம், மேல்வரியும் சேர்த்து, 97.75 சதவீதமாக இருந்தது. உச்சப் படியிலே உழைத்த நூறு ரூபாவில் இரண்டேகால் ரூபாவே உழைத்தவருக்கு மிஞ்சிற்று. அத்தகைய வரி வருமானத்தைப் பெருக்குவதில்லை, ஒளிக்கவே தூண்டும். இவ்வுண்மையைச் சங்கப் புலவர் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு ஒரு காட்சியாலே உணர்த்தினார். சிறு வயலின் நெல்லையும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலுட் புகுந்தாலோ, வாயிற் புகுவதைவிடக் காலால் அழிவதே மிகும். இக்கருத்துடைய பாடல் புறநானூற்றிலே உள்ளது. வரி வாங்கலாம், வயல் அழியாமல் வாங்கவேண்டும்.

வெறுமையாய் இருந்த ஆசனங்கள்

வருமான வரி நமக்கு எப்போது வந்தது? பிரித்தானியாவில் 1799இல், நெப்போலியனோடு பொருத காலத்தில், பிரதமர் பிற் அதனை விதித்தார். ஆண்டுக்கு 60 பவுணுக்குக் குறைந்தவர்க்கு வரியில்லை. 200 பவுணுக்கு மேற்பட்டவர்க்குப் பத்தில் ஒன்று. இடைப்பட்டவர்க்கு ஏறிச் செல்லும் வீதம். இந்தியாவுக்கு 1860இல் ஜேம்ஸ் வில்சன் அதைக் கொண்டுவந்தார். இலங்கைக்கு அது 1932இல் வந்தது. அவ்வாண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏப்ரல் 1ஆந் திகதி முதல் அது நடைமுறையாயிற்று. உலகப் பொருளாதார மந்தம் நாட்டை வருத்திய நாட்கள் அவை.

இங்கே யாழ்ப்பாணத்தவர் அறிந்திருக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் 1931இல் நடந்த முதலாவது தேர்தலை, வாலிபர் காங்கிரஸின் அறைகூவலை ஏற்றுக் குடாநாடு பகிஷ்கரித்தது. முழுச் சுயராச்சியம் வேண்டும் என்ற இலட்சியம் அதற்குக் காரணம். அதன் பயனாக அரசாங்க சபையில் யாழ்ப்பாணத்துத் தொகுதிகள் நான்கும் 1934 வரை வெறுமையாய் இருந்தன. வருமான வரிச் சட்டம் வந்தது அவ்விடைவெளியிலேதான். எவ்வருமானத்துக்கு மேல் வரி, எங்கே வரம்பு என்று தீர்மானித்த வேளையில் அச்சபையிலே இத்தொகுதிகளின் குரல் ஒலிக்கவில்லை. அன்று பகிஷ்கரித்தது சரியா பிழையா என்ற வழக்கை வரலாற்று ஆசிரியர்க்கு விடுவோம். வரம்பு போடும் இடத்திலே நாம் இல்லாவிடினும் வரி நம்மைத் தேடி வரும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

ஒரே சம்பளம், நான்கு வரி

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். மாதம் 200,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏழு எட்டு ஆண்டுகளுக்குள் அவருடைய வரி எங்ஙனம் ஏறி இறங்கிற்று என்று பாருங்கள்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சம்பளகாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபா வரிவிலக்கு. அதன் மேல் ஆறு ஆறு இலட்சமாக 4, 8, 12 என்று ஏறி 24 சதவீதம் வரை வீதங்கள். நமது சம்பளகாரர் மாதம் 6,000 ரூபா கட்டினார்.

2020 சனவரியில் வரிவிலக்கு 30 இலட்சமாக உயர்ந்தது. உச்ச வீதம் 18 சதவீதமாயிற்று. அவர் கட்டிய வரி சூனியம்.

2023 சனவரியில் வரிவிலக்கு மீண்டும் 12 இலட்சமாக இறங்கிற்று. பாத்திகள் ஐந்து ஐந்து இலட்சமாகக் குறுகின. வீதங்கள் 6, 12, 18 என்று 36 வரை ஏறின. நமது சம்பளகாரர் மாதம் 10,500 ரூபா கட்டவேண்டியதாயிற்று.

2025 ஏப்ரலில் வரிவிலக்கு 18 இலட்சமாயிற்று. முதற் பாத்தி 10 இலட்சமாக அகன்றது. அவர் வரி 3,000 ரூபாவாகக் குறைந்தது.

6,000, சூனியம், 10,500, 3,000. இந்த நான்கு எண்களுக்குள்ளே நாட்டின் அண்மைக்கால வரலாறு அடங்கியிருக்கிறது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியும் 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கப்பட்டது. மக்கள் மகிழ்ந்தனர், வரி குறைந்தால் மகிழாதார் யார்? ஆனால் அரசாங்கத்தின் கருவூலம் வற்றிற்று. 2021, 2022ஆம் ஆண்டுகளில் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்தையும் எட்டவில்லை. வரிக்குறைப்பு மட்டுமே வீழ்ச்சிக்குக் காரணமன்று. கொள்ளைநோயும், பழைய கடன்களும், வேறு தவறான தீர்மானங்களும் சேர்ந்தன. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. எரிபொருளுக்கு நீண்ட வரிசையில் நின்ற நாட்களை நம் வாசகர்க்கு நாம் நினைவூட்டவேண்டியதில்லை.

பின்னர் வந்த 2023ஆம் ஆண்டின் ஏற்றம் மறுபக்கத்திலே காயப்படுத்திற்று. மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் அவ்வாண்டின் முதல் மாதங்களில் பணிப்புறக்கணிப்பில் இறங்கினர். படித்து முடித்த இளைஞர் பலர் கடல் கடந்தனர். அவர்களை விலைவாசியும் துரத்திற்று, வரியும் துரத்திற்று.

வீதத்தையன்று, வரம்பைப் பாருங்கள்

இவ்விடத்தில் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். 2018இலும் சம்பளகாரரின் வரிவிலக்கு 12 இலட்சம். 2023இலும் 12 இலட்சம். எண் ஒன்றுதான், பொருளோ ஒன்றன்று. 2022 செத்தெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி ஏறியிருந்தது. 2018இல் 12 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய பொருட்களை 2023இல் வாங்க ஏறக்குறைய இரு மடங்கு பணம் தேவைப்பட்டது. ஆகவே அதே 12 இலட்சத்தில் வரம்பைப் போட்டது, உண்மையில் வரம்பைப் பாதியாகத் தாழ்த்தியதற்கு ஒப்பாகும். முன்னர் வரியெல்லைக்கு வெளியே நின்ற நடுத்தரக் குடும்பங்கள், சீவியம் ஒரு சிறிதும் உயராமலே, உள்ளே இழுக்கப்பட்டன.

சம்பளம் விலைவாசியைத் துரத்திக்கொண்டு ஏறுகிறது. வரம்பு ஏறாமல் நிற்கிறது. அப்போது எந்தச் சட்டத்தையும் மாற்றாமலே அரசாங்கம் ஆண்டுதோறும் கூடுதல் வரி பெறுகிறது. யாரும் மேடையேறி அறிவிப்பதில்லை; பத்திரிகையில் தலைப்புச் செய்தி வருவதில்லை. வீதம் உயர்ந்தால் ஊரே பேசும். வரம்பு நின்றால் ஒருவரும் பேசார். ஆகையால் இன்றைய 18 இலட்சம் என்ற எண்ணையும் மாறாத எண்ணாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின் போதும் “வீதம் என்ன?” என்று கேட்குமுன் “வரம்பு எங்கே? பாத்தியின் அகலம் எவ்வளவு? கடந்த ஆண்டு விலைவாசி எவ்வளவு ஏறிற்று?” என்று கேட்டல் வேண்டும்.

பாத்திகளின் அகலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லுவோம். இன்றைய அளவின்படி ஆண்டு வருமானம் 43 இலட்சத்தைத் தாண்டியதும், அதாவது மாதம் ஏறத்தாழ 358,000 ரூபாவைக் கடந்ததும், 36 சதவீதப் பாத்தி தொடங்கிவிடுகிறது. வைத்தியசாலையில் இரவுபகலாக நிற்கும் மருத்துவரின் கடைசி ரூபாவுக்கும், அவரைப்போற் பத்து மடங்கு பெறும் பெருஞ்செல்வரின் கடைசி ரூபாவுக்கும் வீதம் ஒன்றே. கீழ்ப்படிகள் செங்குத்தாகவும் மேல்நிலம் சமதரையாகவும் அமைந்த ஏணி இது. ஏற்றம் வேண்டும் என்று ஒப்புக்கொள்பவர்களும், ஏற்றம் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதில் வழக்காடலாம், வழக்காடவும் வேண்டும்.

வீட்டுக் கணக்கில் இரண்டு

நாட்டுக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு வருவோம். நம் நாட்டில் இன்று வரி ஆளுக்கே உரியது, குடும்பத்துக்கன்று. கணவரும் மனைவியும் ஆளுக்கு மாதம் 120,000 ரூபா பெற்றால் இருவருக்கும் வரியில்லை. அயல்வீட்டில் ஒருவர் மட்டும் 240,000 பெற்று, மற்றவர் வீட்டையும் முதியோரையும் பேணினால், அக்குடும்பம் மாதம் 6,200 ரூபா கட்டுகிறது. இரு வீட்டு வருமானமும் ஒன்று, வரி வேறு. வீட்டிலே செய்யப்படும் வேலைக்குச் சட்டத்தின் கணக்கில் இடமில்லை என்பதை இது காட்டுகிறது.

அடுத்தது வங்கி வட்டி. 2025 ஏப்ரல் முதல் வைப்புப் பணத்தின் வட்டியில் 10 சதவீதத்தை வங்கியே முன்கூட்டிக் கழிக்கிறது. கணவரை இழந்த ஒரு மூதாட்டி 40 இலட்சம் ரூபாவை நிலையான வைப்பில் இட்டு, 8 சதவீத வட்டி பெறுவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 320,000 ரூபா. அதிற் கழிபடுவது 32,000 ரூபா. வேறு வருமானம் இல்லையேல் அவர் 18 இலட்சத்துக்கு மிகக் கீழே நிற்கிறார். ஒரு சதமும் வரி கட்டவேண்டியவரல்லர். வரி செலுத்துநர் இலக்கம் ஒன்றைப் பெற்று, தமது ஆண்டு வருமானம் 18 இலட்சத்தை மேவாது என்ற பிரகடனத்தை வங்கியில் எழுதிக் கொடுத்தால் கழிவு நிற்கும். ஏற்கெனவே கழிந்ததை விவரத்திரட்டு மூலம் திரும்பக் கேட்கலாம். 32,000 ரூபா என்பது ஒரு முதியவரின் பல மாத மருந்துச் செலவு. வாசிக்கும் பிள்ளைகள் தம் பாட்டிமாரின் வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பார்களாக.

இதற்கு மறுதலையும் உண்டு. மாதம் 250,000 சம்பளமும் ஆண்டுக்கு 300,000 வட்டியும் பெறுபவர், வங்கி பத்துச் சதவீதம் கழித்ததோடு கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. அவ்வட்டி சம்பளத்தின் மேலே 18 சதவீதப் பாத்தியில் விழுகிறது. அதற்குரிய வரி 54,000, கழிக்கப்பட்டது 30,000, எஞ்சிய 24,000 ரூபாவை அவர் செலுத்தவேண்டும். அரசாங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை என்பதையும் முதியோர் அறிந்திருத்தல் நன்று. வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. விவரத்திரட்டு நவம்பர் 30க்குள் கொடுக்கப்படவேண்டும். ஐயம் உள்ளோர்க்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே உண்டு.

மாணவர்க்கு ஒரு கணக்கு

மாதம் 300,000 ரூபா சம்பளம் பெறுபவரின் வரி என்ன? ஆண்டு வருமானம் 36 இலட்சம். 18 இலட்சத்தை நீக்குக. எஞ்சிய 18 இலட்சத்தைப் பாத்திகளிலே பிரித்து நிரப்புக: 10 இலட்சம், 5 இலட்சம், 3 இலட்சம். உரிய வரிகள் 60,000, 90,000, 72,000. மொத்தம் 222,000, மாதத்துக்கு 18,500 ரூபா. விடை பிழைத்தவர்கள் மீண்டும் ஒரு முறை போட்டுப் பார்க்கவும். விடை சரியாக வந்தவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண் சரிதானா என்று பார்த்துச் சொல்லவும்.

வரி இறுப்பது குடிமக்கள் கடன். அதை அளந்து வாங்குவது அரசின் கடன். அளவு சரியா என்று பார்ப்பது மீண்டும் குடிமக்களின் கடனே. அதற்கு வேண்டியது கூட்டலும் பெருக்கலும் மட்டுமே. அவை நம் பிள்ளைகளின் கொப்பிகளிலே ஏற்கெனவே இருக்கின்றன.